அடித்துப் போட்ட மாதிரி அசதி: இம்யூன் டெஸ்ட் எடுக்கலாமா, தூக்கத்தைப் பார்க்கலாமா?

போன இதழில் நாட்பட்ட களைப்பு நோய் (எம்.ஈ. என்றும் சொல்வார்கள்) பற்றி ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. எதிர்ப்பு சக்திக்கு எடுக்கும் விலை உயர்ந்த ரத்தப் பரிசோதனைகள் ஒன்று, எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி இன்னொன்று. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 34 வயது, தனியார் பள்ளியில் ஆசிரியை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சிக்குன்குனியா வந்தது. மூட்டு வலி மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது, அசதி மட்டும் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டை ஒதுங்க வைத்தால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் படுக்கைதான். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் நார்மல். இப்போது ஒரு லேபில் "இம்யூனிட்டி புரொஃபைல்" எடுங்கள், என்.கே. செல், சைட்டோகைன் எல்லாம் வரும், 18,000 ரூபாய் என்கிறார்கள். எடுக்கட்டுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வேண்டாம். அந்தப் பணம் கையிலேயே இருக்கட்டும், அதற்கு வேறு செலவு இருக்கிறது, சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது லேப் விஷயம் இல்லை, ஞாயிறு வேலை செய்தால் திங்களும் செவ்வாயும் படுக்கை என்ற வரிதான். சாதாரணக் களைப்பு ஓய்வெடுத்தால் போய்விடும். நாட்பட்ட களைப்பு நோயில் வேலை செய்த அன்று ஓரளவு சமாளித்துவிடுவீர்கள், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு மொத்தமாகச் சரிந்துவிடும். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015-இல் இந்த நோயை அடையாளம் காண வகுத்த விதிகளில் இந்தச் சரிவு கட்டாயம். அதோடு 6 மாதத்துக்கு மேல் நீடிக்கும், முன்பு செய்த வேலைகளைச் செய்ய விடாத களைப்பு, தூங்கி எழுந்தும் தெளிவில்லாமை, இவை இரண்டும் இருக்க வேண்டும். இவற்றுடன் யோசிப்பதில் மந்தம், அல்லது எழுந்து நின்றால் மோசமாவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். கவனித்துப் பாருங்கள், இந்த விதிகளில் எங்கேயும் ரத்தப் பரிசோதனை இல்லை. நோயாளி சொல்வதை உட்கார்ந்து கேட்டுத்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்கிறோம். ரத்தம் எடுப்பது இதே மாதிரி அசதி தரும் மற்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்ய.

சிக்குன்குனியாவுக்கு அப்புறம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நம்பக்கூடியதுதான். ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரில் மூன்று விதமான தொற்று வந்தவர்களை, 253 பேரை, நோய் வந்த நாளிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். அதில் ஒன்று ராஸ் ரிவர் வைரஸ், நம் சிக்குன்குனியா வைரஸுக்கு நெருங்கிய சொந்தம், அதுவும் கொசுவால் பரவி மூட்டைப் பிடிப்பதுதான். 2006-இல் வெளியான முடிவுப்படி ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேர் களைப்பில் முடங்கியிருந்தார்கள். யாருக்கு இப்படி ஆகும் என்பதை அவர்கள் மனநிலையோ குடும்பச் சூழலோ சொல்லவில்லை. ஆரம்பக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான் சொன்னது. "மனசுல தெம்பு இல்ல, அதான் இப்படி" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இதை அவர்களிடம் காட்டுங்கள்.

சரி, என்.கே. செல்லுக்கு வருகிறேன். வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்லும் வெள்ளை அணு அது. இந்த நோய் உள்ளவர்களிடம் அதன் கொல்லும் திறன் குறைந்திருப்பதாக 1980-களிலிருந்தே பல ஆய்வுக் குழுக்கள் எழுதியிருக்கின்றன, வித்தியாசமே இல்லை என்று எழுதிய குழுக்களும் உண்டு. அந்தத் திறனை அளப்பது எப்படி என்றால், உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த அணுக்களை, லேபில் வளர்க்கும் ஒரு ரத்தப் புற்றுநோய் செல்லோடு கலந்து சில மணி நேரம் வைத்து, எத்தனை செல் செத்தது என்று எண்ணுவார்கள். அதற்கு உங்கள் அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். காலையில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் பையன் பெட்டியில் வைத்து பைக்கில் கொண்டுபோய், அங்கிருந்து கூரியரில் வெளி மாநில லேபுக்கு ஏறி, ஒரு பகல் வெயிலையும் பார்த்துவிட்டுப் போகும் குழாயில் கொல்லும் திறனை அளந்து என்ன பயன்? பெரும்பாலான பேக்கேஜ்களில் திறனை அளப்பதே இல்லை என்பது அடுத்த விஷயம். என்.கே. செல் எத்தனை இருக்கிறது என்று எண்ணி மட்டும் தருவார்கள். எண்ணிக்கை வேறு, திறன் வேறு.

இன்னொன்றும் இருக்கிறது, தூக்கத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1994-இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் நல்ல ஆரோக்கியமான 23 ஆண்களைப் பின்னிரவு 3 மணியிலிருந்து 7 மணி வரை தூங்க விடாமல் வைத்துவிட்டு ரத்தம் எடுத்தார்கள். 18 பேருக்கு என்.கே. செல் செயல்பாடு குறைந்திருந்தது, மறுநாள் இரவு நன்றாகத் தூங்கியதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு அரைத் தூக்க இரவுக்கே இப்படி. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுப்போன உங்களுக்கு அந்த எண் குறைவாக வந்தால், அது நோயால் குறைந்ததா முந்தின இரவால் குறைந்ததா என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எதிர்ப்பு அணுக்கள் தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்ள விடும் புரதங்களான சைட்டோகைன் கதையும் இதேதான். ஸ்டான்ஃபோர்டில் 192 நோயாளிகளையும் 392 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டு 51 சைட்டோகைன்களை அளந்தார்கள், 2017-இல் வெளிவந்தது. சராசரியில் வித்தியாசம் தெரிந்தவை இரண்டுதான். ஆனால் நோயின் கடுமை ஏற ஏற 17 சைட்டோகைன்கள் கூடவே ஏறின. ஆராய்ச்சிக்கு இது பெரிய விஷயம், நோய் உடம்பில் இருக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம். தனி ஆளுக்கு இது உதவாது. ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம் என்பது உண்மை, அதற்காக 165 சென்டிமீட்டர் உயரம் என்று மட்டும் சொன்னால் அது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? உங்கள் ஒற்றைச் சைட்டோகைன் எண்ணும் அப்படித்தான்.

இப்போது அந்தப் பணத்துக்கு வேலை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளவை எல்லாமே சாதாரணப் பரிசோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., கால்சியம், மூன்று மாதச் சர்க்கரை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தசை நொதியான சி.கே., கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை, சிறுநீர். நம் ஊருக்கு நான் கூடவே பி12, வைட்டமின் டி, எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ், இருமலோ எடை குறைவோ இருந்தால் காசநோய், இவற்றையும் சேர்ப்பேன். நீங்கள் எடுத்ததில் ஃபெரிட்டின் இல்லை என்று நினைக்கிறேன். ஹீமோகுளோபின் நார்மலாக இருக்கும்போதே உடம்பில் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. சோகை வரை போகாமல் இரும்பு மட்டும் குறைந்திருப்பவர்கள் அதற்கும் மேலே தனி.

காசே செலவில்லாத ஒன்றும் உண்டு. வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால், பத்து நிமிஷம் படுத்திருந்து நாடித் துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எழுந்து சுவரில் தோள் மட்டும் படும்படி சாய்ந்து, அசையாமல் பத்து நிமிஷம் நின்று, நிமிஷத்துக்கு ஒரு முறை குறியுங்கள். மயக்கம் வரலாம், அதனால் பக்கத்தில் ஆள் கட்டாயம் வேண்டும், கண் இருட்டினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். ரத்த அழுத்தம் இறங்காமலே துடிப்பு 30-க்கு மேல் ஏறி, ஏறிய நிலையிலேயே நின்றால் அந்தக் காகிதத்தோடு டாக்டரைப் பாருங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது. கரும்பலகை முன்னால் நாள் முழுக்க நிற்கிற உங்களுக்கு இது தெரிவது என்.கே. செல் எண்ணைவிடப் பல மடங்கு உதவும்.

கேள்வி: டாக்டர், என் மனைவிக்கு மூன்று வருஷமாகக் களைப்பு. ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன். ஈ.பி.வி. ஐஜிஜி மிக அதிகம், ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ், உணவு ஒவ்வாமை ஐஜிஜி பரிசோதனையில் பால், முட்டை, துவரம் பருப்பு உட்பட 23 பொருள் சிவப்பில் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம், இளைத்துக்கொண்டே போகிறாள். எதிர்ப்பு சக்தி முழுக்கக் கெட்டுவிட்டதா? (வாசகர், சேலம்)

பதில்: முதலில் அவருக்குப் பருப்புச் சோறு போடுங்கள். சாப்பிட்டதும் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் என்று ஏதாவது வந்த பொருள் இருந்தால் அதை மட்டும் தள்ளி வையுங்கள், மற்றதெல்லாம் திரும்ப வரட்டும். உணவுக்கு எதிரான ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் காட்டுவது அந்தப் பொருளை அவர் சாப்பிட்டு வந்திருக்கிறார் என்பதைத்தான். தினமும் சாம்பார் சாப்பிடும் வீட்டில் துவரம் பருப்பு சிவப்பில் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் இந்தப் பரிசோதனையை வைத்து உணவை நிறுத்தாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. களைத்துப்போன ஒரு பெண்ணின் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் பருப்பையும் ஒரே நாளில் எடுத்துவிடும் ரிப்போர்ட்டுகள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

ஈ.பி.வி. எனும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எப்போதோ வந்து போனது. அந்த ஐஜிஜி ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். உடம்பு தன்னையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. 1:80 அளவில் ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு வரும். மூட்டு வீக்கம், முகத்தில் படை, வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, சிறுநீரில் புரதம் இதெல்லாம் இருந்தால் வாத நோய் மருத்துவரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

எதிர்ப்பு சக்திப் பரிசோதனை நிஜமாகவே தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தரம் நிமோனியா, திரும்பத் திரும்பச் சைனஸ், காதில் சீழ், ஆன்டிபயாட்டிக் நிறுத்திய வாரமே மறுபடி காய்ச்சல், இப்படி இருந்தால் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்று ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்களின் மொத்த அளவைப் பார்க்க வேண்டும். அது நிஜமாகவே குறைந்திருந்தால் வைத்தியம் உண்டு. பெயரில் ஐஜிஜி இருப்பதால் உணவு ஐஜிஜியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு பரிசோதனை.

கேள்வி: 29 வயது, சென்னையில் ஐ.டி. வேலை. கொரோனாவுக்கு அப்புறம் ஆரம்பித்தது. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. ஸ்மார்ட் வாட்ச் தினமும் "ஆழ்ந்த தூக்கம் 35 நிமிடம்" என்று காட்டுகிறது. நான் ஒல்லி, அதனால் குறட்டை நோய் இருக்காது என்கிறார் எங்கள் குடும்ப டாக்டர். ஸ்லீப் ஸ்டடி எடுப்பது வீணா? (வாசகர், சென்னை)

பதில்: வீண் இல்லை தம்பி. களைப்பு நோய் என்று எழுதி ஃபைலை மூடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

வாட்ச்சை முதலில் கழற்றி வையுங்கள். ஆழ்ந்த தூக்கம் என்பது மூளை அலைகளில் தெரிவது, வாட்ச்சுக்குத் தெரிந்தது உங்கள் கை அசைவும் நாடித் துடிப்பும்தான். அதை வைத்து அது ஊகிக்கிறது. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்பதற்கு அதை நம்பலாம், ஆழ்ந்த தூக்கம் எத்தனை நிமிஷம் என்பதற்கு நம்பி ராத்திரியில் அதை நினைத்துக் கவலைப்பட்டுக் கிடக்க வேண்டாம்.

ஒல்லியாக இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை வராது என்பது சரியில்லை. தாடை சிறியதாகவோ பின்வாங்கியோ இருந்தால், டான்சில் பெரிதாக இருந்தால், மூக்கடைப்பு நிரந்தரமாக இருந்தால், ஒல்லியானவர்களுக்கும் வரும். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே வருகிறது. அறையில் கூடப் படுப்பவரைக் கேளுங்கள், குறட்டை விட்டு விட்டு நின்று, சத்தமே இல்லாமல் போய், திடீரென்று மூச்சை இழுத்துக்கொண்டு புரள்கிறீர்களா என்று. காலையில் வாய் வறண்டு தலைவலியோடு எழுகிறீர்களா என்பதையும் பாருங்கள்.

ஸ்லீப் ஸ்டடி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உங்கள் சொந்த லுங்கி, தலையணையோடு போகலாம். தலையில் ஏழெட்டு இடத்தில் பசை வைத்து ஒயர் ஒட்டுவார்கள், கண் ஓரத்தில் இரண்டு, தாடையில், கணுக்காலுக்கு மேல் இரண்டு பக்கமும். நெஞ்சிலும் வயிற்றிலும் ஒரு பெல்ட், மூக்கடியில் மெல்லிய குழாய், விரலில் ஆக்ஸிஜன் கிளிப். அப்படியே தூங்க வேண்டியதுதான். முதல் அரை மணி நேரம் கஷ்டமாக இருக்கும், புது இடத்தில் தூக்கம் கொஞ்சம் குறைவது எல்லோருக்கும் நடப்பதுதான், அதைக் கணக்கில் வைத்துத்தான் படிப்பார்கள். ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. என்று ஒரு எண் இருக்கும், ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு பத்து வினாடிக்கு மேல் நின்றது அல்லது குறைந்தது என்பது. 5-க்குக் கீழே இருந்தால் நார்மல், 15-ஐத் தாண்டினால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் சின்னக் கருவியும் கிடைக்கிறது, செலவு குறைவு. ஆனால் அதில் பெரும்பாலும் மூளை அலையும் கால் அசைவும் இருக்காது. உங்கள் விஷயத்தில் மருத்துவமனையில் எடுக்கும் முழுப் பரிசோதனைதான் என் யோசனை.

கால் அசைவை ஏன் சொல்கிறேன் என்றால், அது அடிக்கடி தவறிப்போகிறது. "ராத்திரி படுத்தா கால் குடையுது டாக்டர், உதறிக்கிட்டே இருக்கணும் போல இருக்கு, எழுந்து நாலு நடை நடந்தா தேவலை" என்று என்னிடம் சொல்லும் பெண்கள் ஏராளம். கால்சியம் குறைவு, நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அமைதியற்ற கால் நோய் என்று அதற்குப் பெயர், தூக்கத்தை இரவு முழுக்கக் கிழித்துப் போட்டுவிடும். ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம். லேப் காகிதத்தில் 20 என்பதே நார்மல் என்று அச்சாகியிருக்கும், கால் குடைச்சல் உள்ளவருக்கு அந்த நார்மல் போதாது. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போடக் கூடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். தூக்கத்துக்கும் வலிக்கும் என்று சின்ன அளவில் எழுதும் அமிட்ரிப்டிலின், சளிக்குக் கடையில் வாங்கும் சில அலர்ஜி மாத்திரைகள், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, இவை கால் குடைச்சலை இன்னும் கூட்டிவிடக்கூடும். அதனால் தூக்க மருந்து எழுதும் டாக்டரிடம் இதை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்தால்? வரலாம். களைப்பு நோயில் இப்படித்தான் இருக்கும் என்று காட்டக்கூடிய தனி அடையாளம் எதுவும் ஸ்லீப் ஸ்டடியில் கிடையாது. இயந்திரத்தில் அழகான தூக்கமாகப் பதிவாகி, ஆள் மட்டும் தூங்காதவர் மாதிரி எழுவதும் இந்த நோயில் நடக்கிறது. அதை வைத்து உங்கள் அசதி பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மூச்சுத்தடை இருப்பதாக வந்து, காற்றழுத்தத்தால் மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் போட்டு மூன்று மாதத்தில் அசதி பறந்துவிட்டால் மிக நல்லது. தூக்கம் சரியாகியும் வேலை செய்த மறுநாள் சரிவது மாறவில்லை என்றால் இரண்டும் கூடவே இருக்கின்றன என்று அர்த்தம்.

மாலை ஐந்து மணி ஃபில்டர் காபி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். அசதிக்காகக் குடிக்கும் அந்தக் காபியை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 16 வயது. போன வருஷம் ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் ராத்திரி மூன்று, நான்கு மணி வரை விழித்திருக்கிறாள், பகல் பன்னிரண்டு மணிக்கு எழுகிறாள். போனைப் பிடுங்கினோம், அடித்தும் பார்த்துவிட்டோம். ஒரு நாள் பள்ளிக்கு அனுப்பினால் மூன்று நாள் எழுந்திருப்பதில்லை. சோம்பலா, நோயா? (ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்: நோய்தான் அம்மா. அடிக்காதீர்கள். ஒரு நாள் போனால் மூன்று நாள் படுக்கை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சோம்பலுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

இந்த வயதில் உடம்பின் கடிகாரம் இயற்கையாகவே கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகும், இந்த நோயில் அது இன்னும் தள்ளிவிடுகிறது. அதை மெதுவாகத்தான் முன்னால் இழுக்க முடியும். இப்போது பன்னிரண்டுக்கு எழுகிறாள் என்றால் பதினொன்றே முக்காலுக்கு ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரவிடுங்கள், சில நாள் அது நிலைத்த பின் இன்னும் கால் மணி நேரம். எழுந்ததும் திண்ணையிலோ மாடியிலோ சும்மா உட்கார்ந்து பகல் வெளிச்சம் கண்ணில் பட வேண்டும், நடக்க வேண்டியதில்லை. ராத்திரி பத்துக்கு மேல் வீட்டு விளக்கைக் குறையுங்கள், எல்லோருக்கும் சேர்த்து, அவள் போனை மட்டும் பிடுங்கிவிட்டு ஹாலில் டி.வி. ஓடினால் பலிக்காது. தூக்கமின்மைக்குப் படுக்கும் நேரத்தை வலுக்கட்டாயமாகக் குறைக்கும் ஒரு வைத்திய முறை உண்டு, மற்றவர்களுக்கு நல்ல பலன் தரும், இவள் மாதிரிப் பிள்ளைகளை அது சரித்துவிடலாம் என்பதால் நான் சொல்ல மாட்டேன். மெலட்டோனின் சிலருக்கு உதவும், ஆனால் அளவைவிட அதைக் கொடுக்கும் நேரம் முக்கியம், குழந்தை மருத்துவர் சொல்லாமல் மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

திண்டுக்கல் ஆசிரியைக்குச் சொன்ன நிற்கும் பரிசோதனையை மகளுக்கும் செய்து பாருங்கள், 19 வயது வரை துடிப்பு 40 ஏறினால்தான் கணக்கு. பள்ளியில் தலைமை ஆசிரியரை நேரில் பார்த்து, மதியத்துக்கு மேல் மட்டும் வாரத்தில் சில நாள் வருவாள் என்று டாக்டர் கடிதத்தோடு கேளுங்கள். ஒரு வருஷம் பின்தங்கினாலும் படித்துக்கொள்ளலாம், உடம்பை இப்போது விரட்டினால் இன்னும் கீழே போய்விடும். அடித்த விஷயத்தைப் பற்றி அவளிடமே உட்கார்ந்து பேசிவிடுங்கள், அம்மா தன்னை நம்புகிறாள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: நான்கு வருஷமாக ராத்திரி அல்ப்ரசோலம் 0.5 போட்டால்தான் தூக்கம். தூங்கியும் அசதி. நாளையிலிருந்து நிறுத்திவிடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நிறுத்த வேண்டும், நாளைக்கே இல்லை. திடீரென்று விட்டால் தூக்கம் மொத்தமாகப் போவதோடு வலிப்புகூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், துளித்துளியாகக் குறைக்க வேண்டும். உங்களுக்கு மூச்சுத்தடை இருந்தால் இந்த மாத்திரை அதை மோசமாக்கும், அதனால் கூடவே ஸ்லீப் ஸ்டடியும் கேளுங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். 2017-இல் எனக்கு எம்.ஈ. என்று சொல்லி, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொன்னார்கள். செய்யச் செய்ய மோசமாகி வேலையை விட்டேன். இப்போது அதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்படுகிறேன், உண்மையா? ஜெர்மனியில் எதிர்ப்பு சக்தியைச் சரி செய்யும் ஊசி போடுகிறார்களாமே? (வாசகி, லண்டன்)

பதில்: உண்மைதான் சகோதரி. உங்கள் உடம்பு சொன்னது சரி, பயிற்சிதான் தப்பு. 2011-இல் பேஸ் என்ற பெரிய ஆய்வு, 641 பேரை வைத்து, படிப்படியான உடற்பயிற்சியும் எண்ணங்களை மாற்றும் சிகிச்சையும் பலன் தருவதாகச் சொன்னது. நோயாளிகள் விடாமல் கேள்வி கேட்டார்கள், தரவுகளைக் கேட்டு வழக்காடி வாங்கி மறுபடி கணக்குப் போட்டபோது குணமானவர்கள் என்று சொன்ன எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கியது. கடைசியில் 2021 அக்டோபரில் நைஸ் தன் புதிய வழிகாட்டுதலில், படிப்படியாகக் கூட்டும் அந்தப் பயிற்சியை இந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதியது. எண்ணங்களுக்கான சிகிச்சை ஆறுதலுக்கு வேண்டுமானால் இருக்கலாம், குணமாக்கும் வைத்தியமாகச் சொல்லக் கூடாது என்றும் எழுதியது. அதன் எண் என்.ஜி. 206. உங்கள் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் பேசும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள். 1955-இல் நீங்கள் இருக்கும் லண்டனிலேயே ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அதிலும் பெரும்பாலும் ஊழியர்கள், இப்படி விழுந்தபோதுதான் எம்.ஈ. என்ற பெயரே வந்தது. அப்போது தொடங்கி இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது நோயாளி சொல்வதை எழுத்தில் ஏற்றுக்கொள்ள.

ஊசி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து நார்வேயில் முதலில் சின்ன ஆய்வில் நல்ல பலன் காட்டியது, உலகமே எதிர்பார்த்தது. 151 பேரை வைத்து முறையாகச் செய்த பெரிய ஆய்வு 2019-இல் வந்தபோது, போலி மருந்து ஏற்றியவர்களைவிட எந்த முன்னேற்றமும் இல்லை. முதலில் நம்பிக்கையூட்டிய அதே குழுதான் அதையும் மறைக்காமல் வெளியிட்டது. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆகவே ஒரு கிளினிக் ஊசி போட்டு எதிர்ப்பு சக்தியைச் சீராக்குகிறோம் என்றால், எந்த ஆய்வில், எத்தனை பேருக்கு, போலி மருந்தோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகம் நடத்தும் டிகோட்எம்இ ஆய்வு, 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவைப் பார்த்து, 2025 ஆகஸ்டில் எட்டு இடங்களில் வித்தியாசம் இருப்பதாக முதற்கட்ட முடிவை வெளியிட்டிருக்கிறது. அங்கே உள்ள மரபணுக்களில் சில எதிர்ப்பு சக்தியோடும் சில நரம்பு மண்டலத்தோடும் சம்பந்தப்பட்டவை. அதை வைத்து இன்று யாருக்கும் பரிசோதனை செய்து நோயைச் சொல்ல முடியாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது தெரிய ஆரம்பித்திருக்கிறது.

கேள்வி: டாக்டரைப் பார்க்கப் போனால் ஐந்து நிமிஷம்தான் கிடைக்கிறது, பாதி மறந்துபோகிறது. என்ன எழுதிக்கொண்டு போக வேண்டும்? (வாசகி, கோவை)

பதில்: ஒரே ஒரு பக்கம், பள்ளி நோட்டுத் தாள் போதும். இரண்டு வாரத்துக்குத் தினமும் படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், எழுந்தபோது எப்படி இருந்தது, பகலில் தூங்கியது, காபி, டீ எத்தனை மணிக்கு. பக்கத்துக் கட்டத்தில் அன்றைக்குச் செய்த பெரிய வேலை ஒன்று, "துணி துவைத்தேன்", "கல்யாணத்துக்குப் போனேன்" என்கிற மாதிரி. இரண்டு வாரம் ஆனதும் நீங்களே பார்ப்பீர்கள், கல்யாணத்துக்குப் போன நாளுக்கு அடுத்த இரண்டு கட்டம் எப்படி இருக்கிறது என்று. அதைப் பேனாவால் வட்டம் போட்டுவிடுங்கள்.

மேலே மூன்று வரி: எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னால் என்ன காய்ச்சல் வந்தது, முன்பு செய்து இப்போது செய்ய முடியாத மூன்று வேலைகள். "ரொம்ப டயர்டா இருக்கு" என்று சொன்னால் டாக்டர் வைட்டமின் எழுதிவிடுவார், "மாடிப்படி ஏறினால் பாதியில் உட்காருகிறேன், போன வருஷம் தண்ணீர்க் குடத்தோடு ஏறினேன்" என்றால் நிமிர்ந்து பார்ப்பார். கடைசியில் சாப்பிடும் எல்லா மருந்தின் பெயரும், சித்த மருந்து, லேகியம் உட்பட. கூட ஒருவரை அழைத்துப் போங்கள், குறட்டையையும் ராத்திரி காலை உதறுவதையும் சொல்ல வீட்டில் பக்கத்தில் படுப்பவரால்தான் முடியும்.